அசல் ரசீது இணைக்கவும்

ஆடி மழையில் நனைந்து வந்த கோப்பு.
ஓரங்களில் மை கரைந்திருந்தது.
ஊட்டி அலுவலகத்தில் ஹீட்டர் ஒன்றுதான்,
அதுவும் உதவி இயக்குநர் அறையில்.
மடியில் வைத்து உலர்த்தினேன்.

பொருள்: ஈமச்சடங்கு மானியம்.
இறந்தவர்: நாயக் எட்வின் பொன்னையா, ஓய்வு.
இடம்: கேத்தி, கேரட் கழுவும் ஷெட்.
விண்ணப்பதாரர்: பெ. ஜோகி.
உறவு என்ற கட்டத்தில்
எழுதி அடித்து, மறுபடி எழுதி அடித்து,
இடம் தீர்ந்த மூலையில்
‘என் ஷெட்டு வாட்ச்மேன்.’

மனைவி, மகன், மகள்.
அந்தக் கட்டத்துக்குத் தெரிந்தவர்கள் இவ்வளவுதான்.

அசல் ரசீது கேட்டிருந்தோம்.
மேட்டுப்பாளையம் மண்டிச் சீட்டொன்றின் பின்பக்கம்
பென்சிலில் இருந்தது:
சில்வர் ஓக் பலகை, ஆணியோடு, நாலாயிரத்து இருநூறு.
ஜீப், பாதி மேட்டில் நின்றுபோனதால் பாதி வாடகை.
குழிக்கு மூன்று ஆள்.
தண்ணீர் இறைக்க இன்னொருவன்.
டீ, பன், நூற்றெழுபது.
புரட்டினால் முன்பக்கத்தில்
கேரட், முதல் தரம், பதினொரு மூட்டை,
கழிவு போக.

ஆடிட்டில் இது நிற்காது என்றேன்.
“குழி வெட்டறவன் பில் புக்கு வச்சிருப்பானாம்மா?
வெட்ட வெட்ட ஊறுது.
கேரட் கூடையில தண்ணி நிக்குமா,
பெயிண்ட் டப்பா தேடி ஓடினோம்.”

ஈரக் குல்லாவைப் பிழியலாமா என்று
தரையைப் பார்த்தார். பிழியவில்லை.

“இன்னொண்ணு. எழுதிக்காதீங்க.
ரெண்டு மாசச் சம்பளம் அவருக்கு பாக்கி.
விலை விழுந்த சமயம்.
அப்புறம் குடுங்க கவுடரேன்னார்.
அந்தப் பணம்தான் பெட்டி, அந்தப் பணம்தான் குழி.
அவரே அவரை அடக்கம் பண்ணிக்கிட்டார்.
நான் செலவு பண்ணேன்னு
எந்தக் கையால கையெழுத்துப் போட?”

பிறகு எதற்கு வந்தீர்கள்?

“கல்லு.
பேருக்குக் கீழே நம்பர் வெட்டணும்.
காய்ச்சல்ல என்னைத் தெரியல, கேத்தி தெரியல.
டார்ச் அடிச்சு யாருன்னு கேட்டா
படுத்தபடியே விறைச்சு, நம்பர் சொன்னார்.”

பழைய ஆவணத்தை வரவழைத்துப் பார்த்தேன்.
உயரம் ஐந்தடி ஆறங்குலம்.
இடது புருவத்தில் தழும்பு.
லே, தேஜ்பூர், மீண்டும் லே.
மார்பு விரியும் அளவைக்கூட
அரசாங்கம் ஒரு காலத்தில் குறித்துவைத்திருக்கிறது.
நெருங்கிய உறவினர்: தாய்.
அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.
கோட்டுக்குப் பிறகு
இருபத்தாறு வருடம் அங்கே யாரும் இல்லை.

வெலிங்டனிலிருந்து ஊதுகொம்பு வரவில்லை.
தகவல் எங்கள் மேசையில் மூன்று நாள் படுத்திருந்தது,
அவரால் அவ்வளவு நாள் படுத்திருக்க முடியவில்லை.
மண் தள்ளும்போது கீழே ஸ்டேஷனில்
ரயில் ஊதியதாம்.
குறிப்பில் அதைச் சேர்க்கவில்லை.
ரயில் தினமும்தான் ஊதுகிறது.

எழுதியது இவ்வளவு:
‘விதியில் இடமில்லை.
அடக்கம் நடந்தது உண்மை.
ரசீதின் மறுபக்கத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.
தளர்த்திப் பரிசீலிக்கலாம்.’

பொருட்படுத்த வேண்டாம் என்பதை அடித்தேன்.
பதினொரு மூட்டைக் கேரட்டையும்
அவர்தானே ராத்திரி முழுக்கக் காவல் காத்தார்.

நாலு மணிக்குக் கோப்பு இறங்கி வந்தது.
சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.
பச்சை மையில் ஒரே சொல்:
‘பேசவும்.’

ஹீட்டர் இருக்கும் அறைக்குப் போகிறேன்.
யார் என்று கேட்பார்.
முதலில் நம்பரைச் சொல்வேன்.